மெக்னீசியம் குறைந்த ஏணிகள்

ஏணி வாங்க வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை அல்ல. "நீங்க எத்தனை கிலோ இருப்பீங்க?" என்றுதான் கேட்பாள். ஆண்கள் சிரித்து மழுப்புவார்கள். பெண்கள் காதில் விழாத மாதிரி வேறு பக்கம் பார்ப்பார்கள். அவள் விடமாட்டாள். ஏணியைச் சுவரில் சாத்தி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூன்றாவது படி வரை தானே ஏறி நின்று இரண்டு குதி குதித்துக் காட்டுவாள். நல்ல கனத்த உடம்பு. "என்னையே தாங்குது, உங்களைத் தாங்காதா?" என்று சொல்லி இறங்குவாள். அந்தக் குதியைப் பார்த்து நம்பி வாங்கிப் போனவர்கள் நிறையப் பேர். தெருவுக்கு அவள் ஏணிக்காரம்மா.

கல்யாணத்துக்கு முன் அவளுக்கு அலுமினியத் தொழிற்சாலையில் வேலை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், நீலத் தகரக் கூரை போட்ட கட்டடம். பிரஸ் இயந்திரத்திலிருந்து நீளநீளமான சட்டங்களாக வரும் செக்‌ஷன்களைக் காகிதம் சுற்றிக் கட்டுவது அவள் வேலை. ஜன்னல் பொருத்துகிற ஒருவர் சரக்கு எடுக்க வருவார். வந்தால் லாரி கிளம்பும் வரை வாய் ஓயாது. "அந்தப் பேச்சை நிறுத்தணும்னுதான் கட்டிக்கிட்டேன்" என்பாள். நின்றபாடில்லை. தெரு அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது. அவருக்கு அதில் வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைகூட.

ஜன்னல் வேலையில் மிஞ்சிய துண்டுகளை வைத்து இருவரும் முதல் ஏணியைச் செய்தார்கள். பிறகு அதுவே தொழிலாயிற்று. முன்பக்கம் கதவில்லாத நீளமான கொட்டகை, துளைபோடும் இயந்திரம் ஒன்று, படியின் முனையை விரித்து இறுக்கும் கைப்பிரஸ் ஒன்று, சுவரோரம் அடுக்கிய பக்கச் சட்டங்கள். ரேடியோ துளை போடுவார், அவள் படிகளைச் செருகி இறுக்குவாள். ஒரே மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு அந்தக் கொட்டகைதான் அவர்களுக்கு வீடு மாதிரி. வீடு தூங்குவதற்கு மட்டும்.

பக்கச் சட்டங்கள் அந்த நீலக் கூரைத் தொழிற்சாலையிலிருந்துதான் வந்தன. அங்கே பிரஸ் ஓட்டியவன் அவளுடைய தம்பி. அம்மா போனபோது அவனுக்குப் பள்ளிக்கூடப் பை தோளில் நிற்காத வயது. அவள்தான் வளர்த்தாள். அவள்தான் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டாள். கூட்டுவதில் தொடங்கி பிரஸ்ஸின் பொத்தான் பலகை முன் நிற்கிற ஆளாக அவன் உயர்ந்தபோது, தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு போனவள் அவள்தான்.

பிரஸ் என்றால் பற்பசைக் குழாயை அமுக்குகிற மாதிரிதான். நன்றாகச் சூடேற்றிய அலுமினிய உருளையை ஒரு பக்கம் வைத்துத் தள்ளினால், மறுபக்கம் எஃகு அச்சின் ஓட்டை எந்த வடிவமோ அந்த வடிவத்தில் பிதுங்கிக்கொண்டு வரும். உருளையை அவர்கள் பில்லெட் என்பார்கள். ஏணிச் சட்டம் வருகிற நாளில் தம்பிக்கு முகம் சிடுசிடுக்கும். மெதுவாகத்தான் தள்ள முடியும். கொஞ்சம் அவசரப்பட்டால் ஓரம் ரம்பப் பல் மாதிரி கிழியும், மேலே கோடு கோடாக விழும். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கோடு விழுந்த சட்டங்களை இரண்டு தடவை லாரியோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். "பார்க்க லட்சணமா இல்லைன்னா யாருடா வாங்குவா?" என்று தம்பியிடம் சண்டையும் போட்டிருக்கிறாள்.

அப்புறம் ஒரு நாள் அவன் சிரித்த முகத்தோடு கொட்டகைக்கு வந்தான்.

"அக்கா, முதலாளி வேற பில்லெட் எறக்கியிருக்கார். இப்ப பிரஸ்ஸு சொன்ன பேச்சு கேக்குது. முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். இப்ப வழுக்கிக்கிட்டு வருது."

அன்று வந்த சரக்கைக் காகிதம் பிரித்துப் பார்த்தாள். ஒரு கோடு இல்லை. முகம் பார்க்கலாம் போலிருந்தது. உள்ளங்கையால் முனையிலிருந்து முனை வரை தடவிக்கொண்டே நடந்தாள். "இவ்வளவு நாளா எங்கடா வச்சிருந்தீங்க இதை?" என்றாள்.

ஏணிகள் வேகமாக விற்றன. மழைக்கு முன் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற பருவம் அது. வண்ணம் பூசுகிறவர்கள், ஒப்பந்தக்காரர்கள், மாடித் தொட்டி கழுவுகிறவர்கள் என்று ஆள் வந்துகொண்டே இருந்தது. ரேடியோவுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். ஒரே ஒரு நாள், துளை போட்டுக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதைப் பாரேன். முன்னெல்லாம் துளை போட்டா சீவல் உதிரி உதிரியா விழும். இப்ப நூல் மாதிரி நீளமாச் சுத்திக்கிட்டு துளைக்கிற பிட்டை விட மாட்டேங்குது."

"உங்க பக்கத்துல இருந்து அதுவும் நீட்டி முழக்கக் கத்துக்கிச்சு போல" என்றாள் அவள். அவரும் சிரித்துவிட்டு, சீவலைப் பிய்த்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மிருதுவான உலோகம்தான் அப்படி ஒட்டிக்கொள்ளும் என்பது இருவருக்குமே தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்க அன்றைக்கு நேரமில்லை.

ஒரு முற்பகலில், மூன்று தெரு தள்ளி மாவு மில் வைத்திருப்பவர் சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். "உங்க ஏணி மடிஞ்சிடுச்சு. வண்ணம் அடிச்சுக்கிட்டிருந்த ஆளு விழுந்துட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

"கால் சறுக்கியிருக்கும்" என்றாள் உடனே. "தரை வழவழன்னு இருந்திருக்கும். ஏணி மடியாதுங்க."

சொல்லிக்கொண்டே அவரோடு நடந்தாள். குறுகிய சந்து. ஒரு பாதி மஞ்சளும் ஒரு பாதி பழைய சுவருமாக ஒரு மாடி வீடு. கீழே வண்ணம் கொட்டி, அதில் யார் யாரோ மிதித்து நடந்த தடம். ஏணி சுவரோரம் கிடந்தது. நீள ஏணி. இரண்டு சட்டங்களும் நட்டநடுவில், ஒரே இடத்தில், ஈரத்துணியை மடித்துப் போட்ட மாதிரி மடிந்திருந்தன. எங்கும் வெடிப்பு இல்லை. உடைந்த முனை இல்லை. பளபளப்புகூடக் குறையவில்லை. அவள் குனிந்து அந்த மடிப்பைத் தொட்டாள். தொட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

மூன்றாவது படியில் நின்று குதித்தால் நீள ஏணியின் நடுப்பகுதிக்கு ஒன்றுமே தெரியாது. பாரம் நடுவுக்கு வரும்போதுதான் அது தன் குணத்தைக் காட்டும். இத்தனை வருஷமாக அவள் குதித்துக் காட்டியது வெறும் வேடிக்கை. அது வேடிக்கையாகவே போனதற்குக் காரணம், சட்டம் உண்மையாகவே பலமாக இருந்ததுதான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வண்ணக்காரனின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். வந்திருப்பது யார் என்று சொல்லாமலே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"இடுப்புக்குக் கீழ உணர்வே இல்லைங்கிறாங்க" என்றாள். பிறகு, கோபமே இல்லாத குரலில், "நீங்க குதிச்சுக் காட்டுனீங்களாமே. வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். அந்தம்மாவையே தாங்குது, நான் எம்மாத்திரம்னு."

அந்தப் பெண் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஏணிக்காரம்மா பின்னால் கணவரிடம் சொன்னாள்.

கொட்டகைக்கு வந்ததும் இரண்டு துண்டு வெட்டினாள். ஒன்று மூலையில் கிடந்த பழைய சட்டம், கோடு விழுந்தது. இன்னொன்று புதியது. இரண்டையும் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். தட்டுக்குப் பக்கத்தில் இரண்டையும் வைத்தாள்.

"இதுல என்ன குறைஞ்சிருக்கு?"

அவன் சேதியைக் கேள்விப்பட்டிருந்தான். கையைக் கழுவிவிட்டு வந்து துண்டுகளைத் தொடாமலே பேசினான்.

"சுத்தமான அலுமினியம் களிமண்ணு மாதிரி அக்கா. கூடச் சேர்க்கிற சாமான்தான் அதைக் கெட்டியாக்குது. மெக்னீசியம், சிலிக்கான். நூறு கிலோவுக்கு ஒரு கிலோ இருந்தாலே அதிகம். பிரஸ்ஸுல வந்ததைக் குளிரவச்சு அப்புறம் அடுப்புல வைக்கிறோமே, அப்ப அது ரெண்டும் ஜோடி சேர்ந்து உள்ளுக்குள்ள பொடிப்பொடியா அங்கங்க உக்காந்துக்கும். உலோகம் உள்ளுக்குள்ள வழுக்கி நகரப் பார்த்தா விடாது. அதுதான் பலம்."

"இதுல?"

"கம்மி. பழசுல இருந்ததுல பாதி இருந்தாப் பெரிசு. அதுல கொஞ்சம் செம்பும் இருக்கும். இதுல அதுவும் இல்ல."

"ஏன் குறைச்சாங்க?"

"அந்தச் சாமான் கூடினா பிரஸ்ஸுக்கு ஆகாது. சூட்டுலயும் முரண்டு பண்ணும். வேகமாத் தள்ளினா கிழியும். நம்ம பிரஸ்ஸு கிழடு. கம்மியா இருந்தா ஓடும், வழவழன்னு வரும். ஜன்னலுக்கு இது யதேஷ்டம் அக்கா. ஜன்னல் மேல யாரு ஏறப்போறா?"

"ஏணி மேல ஏறுவாங்கல்ல."

அவன் தட்டை ஓரமாக நகர்த்தினான்.

"அடுப்புல இன்னும் கொஞ்ச நேரம் கூட வச்சிருந்தா?"

"ஜோடி சேர ஆள் இருந்தாத்தானே சேரும். எத்தனை நேரம் வச்சாலும் அவ்வளவுதான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. அழுத்தம் காட்டுற முள்ளைப் பார்த்தாலே தெரியுமே, எவ்வளவு கீழ நிக்குதுன்னு."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே அக்கா" என்றான் அவன். தலையைக் குனிந்துகொண்டான். "வழுக்கிக்கிட்டு வருதுன்னு சொன்னேனே. நீ எங்கடா வச்சிருந்தீங்கன்னு கேட்ட."

அதற்கு மேல் அங்கே உட்கார அவளால் முடியவில்லை. அங்கிருந்து நேரே தொழிற்சாலைக்குப் போனாள். முதலாளி, அவள் காகிதம் சுற்றிய காலத்திலிருந்தே அவளைத் தெரிந்தவர். நாற்காலி போடச் சொன்னார். முழுதும் கேட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"நடந்தது கொடுமைதான்மா. ஆனா நீங்க என்னைக்கும் வடிவத்தைச் சொல்லித்தானே வாங்குனீங்க. இது எந்த அலாய், என்ன கலப்பு, எவ்வளவு தாங்கும்னு ஒரு தடவை கேட்டிருப்பீங்களா? கோடு விழுந்திருக்குன்னு திருப்பி அனுப்புனீங்க. ரெண்டு தடவை. கோடு விழாத சரக்கு வேணும்னு நீங்கதானே கேட்டீங்க."

"ஏணிக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல" என்றாள்.

"தெரியும்" என்றார் அவர். சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தார்.

கொட்டகைக்குத் திரும்பியபோது கணவர் விற்காமல் இருந்த கடைசி ஏணியின் படிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். முப்பது நாற்பது ஏணிகள் புதுச் சட்டத்தில் போயிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். குட்டையானவற்றைப் பற்றி அவ்வளவு பயமில்லை. நீளமானவை பாதிக்கு மேல் இருக்கும். யார் வாங்கினார்கள், எங்கே இருக்கிறார்கள்? அவள் எடையைக் கேட்டிருக்கிறாளே தவிர யாரிடமும் பெயரைக் கேட்டதில்லை. அவள் கொட்டகை வாசலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

ரேடியோ மெல்ல ஆரம்பித்தார்.

"ஒருத்தர் வந்தாரே, மாமியார் வீட்டு ஓடு மாத்தணும்னு. மாமியார்னு சொல்றப்ப எல்லாம் பல்லைக் கடிச்சாரே. பால் டிப்போ பின்னாடி வீடுன்னார். அப்புறம் ஒரு அம்மா, பூனை பரண்ல குட்டி போட்டுடுச்சுன்னு. அவங்க தையல் கடைக்கு மேல. அந்தக் குடை ரிப்பேர்காரர், அவருக்கு ரெட்டைப் பிள்ளை பொறந்திருக்கு, மூத்தது எதுன்னு இன்னும் சண்டை நடக்குதுன்னார்…"

அவர் சொல்லிக்கொண்டே போனார். அவள் தலையை நிமிர்த்தினாள். அந்த மனிதர் இத்தனை நாள் பேசியது வெறும் பேச்சு இல்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டும் இருந்திருக்கிறார்.

மறுநாளிலிருந்து வாடகை வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஏணிகளைத் திருப்பி வாங்கத் தெருத்தெருவாக அலைந்தார்கள். மாமியார் வீட்டுக்காரர் சுலபமாகக் கொடுத்துவிட்டார். "மாமியாரை ஏத்திப் பார்த்துட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை அப்படியே விட்டார். பூனை வீட்டம்மா ஏணியைத் தன் அக்காவுக்குக் கொடுத்திருந்தாள், அக்கா நகரத்தின் அடுத்த கோடியில். குடைக்காரர் வீடு மாறிவிட்டார். ஒவ்வொரு ஏணியும் அவர்களை இன்னொரு வாசலுக்கு அனுப்பியது.

எல்லோரும் நம்பவும் இல்லை. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "அலுமினியம் விலை ஏறியிருக்கு, அதானே? நல்ல பொருளைத் திருப்பி வாங்கிட்டு ஓட்டை உடைசலைத் தலையில கட்டப் பார்க்கறீங்க. நான் தினமும் ஏறித் தொட்டியைப் பார்க்கறேன், ஒண்ணும் ஆகல."

"சார், ரெண்டு நாற்காலி குடுங்க" என்றாள்.

நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, அவற்றின் மேல் ஏணியைப் படுக்கவைத்து, அதன் நடுவில் போய் உட்கார்ந்தாள். ஏணி மெதுவாகக் கீழே இறங்கியது. சத்தமே இல்லை. அவள் எழுந்துகொண்டாள். ஏணி எழவில்லை, இறங்கியது இறங்கியபடியே வளைந்து நின்றது. நல்ல சட்டமாக இருந்தால் வில் மாதிரி மறுபடி நேராகியிருக்கும். வாத்தியார் அதைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், பிறகு உள்ளே போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிறகு எல்லா வீட்டிலும் அதையே செய்தாள். ஒவ்வொரு தடவை உட்காரும்போதும், இது வளையக் கூடாது, இது ஒன்றாவது நிற்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வாள். வளையும். உட்கார்ந்து எழுந்து அவளுடைய முழங்கால் வீங்கிப்போயிற்று. எங்கேயாவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கணவரின் கையைப் பிடித்துக்கொள்வாள்.

மிகப் பெரிய வாடிக்கையாளர் வெள்ளையடிக்கும் ஒப்பந்தக்காரர். ஒரே நேரத்தில் எட்டு நீள ஏணி வாங்கியவர். போன் எடுக்கவில்லை. எங்கே வேலை என்று அவர் வீட்டில் விசாரித்து, நகரத்துக்கு வெளியே ஒரு கிடங்குக்குப் போனார்கள். வண்டி திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நீளமான வெள்ளைச் சுவர். அதில் பளபளவென்று அவளுடைய ஏணிகள், ஒவ்வொன்றிலும் ஆள்.

வண்டி நிற்பதற்குள் இறங்கி ஓடினாள். ஒப்பந்தக்காரர் நடுவில் வந்தார். "என்னம்மா, வேலை நேரத்துல?"

"எல்லாரையும் எறக்குங்க. ஒவ்வொருத்தரா, மெதுவா."

"நாளைக்கு முடிச்சுத் தரணும் எனக்கு. சாயங்காலம் வாங்க, பேசிக்கலாம்."

அவள் அவரைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஏணியில் நல்ல வாட்டசாட்டமான ஒரு ஆள், இடுப்பில் சுண்ணாம்பு வாளி. மேலே எட்டுவதற்காக எக்கிக்கொண்டிருந்தார். அவர் எக்கும்போதெல்லாம் ஏணியின் நடு சுவரை நோக்கி உள்வாங்கியது. காலைத் தளர்த்தினால் திரும்ப வரவேண்டும். வரவில்லை. ஒவ்வொரு எக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே தங்கிக்கொண்டிருந்தது.

கத்தினால் அவர் திடுக்கிட்டுத் திரும்புவார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சுவரோரம் கிடந்த சாரக்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி, ஏணிக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து, வளைந்த இடத்துக்கு அடியில் கட்டையை நட்டு முட்டுக் கொடுத்தாள். கட்டையின் அடி மண்ணில் வழுக்கியது. மண்டியிட்டு அதை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். ஏணியின் பாரம் கட்டை வழியாக அவள் தோளில் இறங்கியது.

"என்னங்க, நீங்க பேசுங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

ரேடியோ ஏணியின் அடியில் போய் நின்றார். அவர் குரல் நடுங்கவில்லை. கடையில் யாரோடோ பேசுகிற மாதிரியே ஆரம்பித்தார். "அண்ணே, வணக்கம். திரும்பாதீங்க, சுவரையே பார்த்துக்கிட்டுக் கேளுங்க. உங்க வாளியை மட்டும் அவுத்துக் கீழ விட்டுடுங்க. என் மேல ஊத்தினாலும் பரவாயில்ல, நானும் வெள்ளையானா இவளுக்குச் சந்தோஷம்தான். ஆங், அப்படித்தான். இப்ப ஒரு காலு. ஓரமா வைங்க, சட்டத்தை ஒட்டினாப்ல. அவசரமே இல்ல. அடுத்த காலு. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"மூணு" என்றார் மேலே இருந்தவர். குழப்பமான குரல். ஆனால் இறங்கினார்.

"மூணும் படிக்குதா? பெரியவன் என்ன படிக்கிறான்? இன்னொரு காலு…"

அவர் வளைந்த இடத்தைத் தாண்டும்போது கட்டை முனகியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்த ஒரு படி முடிவதற்குள் வண்ணக்காரனின் மனைவி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த விதம் அவளுக்குள் வந்து போயிற்று. பிறகு தரையில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். அவள் கட்டையை விட்டாள். பாரமே இல்லாத அந்த ஏணி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வளைந்தபடியே நின்றது. ஒப்பந்தக்காரர் மற்றவர்களைக் கையசைத்து இறக்கினார்.

ரேடியோ சுவரோரம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து வாந்தியெடுத்தார்.

கிடைத்த ஏணிகளையெல்லாம் கொட்டகையில் குவித்து, யாரும் மறுபடி எடுத்து ஏறிவிடாதபடி ஒவ்வொன்றையும் நடுவில் அறுத்தார்கள். சில நாள் கழித்து ஒரு சேதி வந்தது. அதே சட்டம் அடுத்த ஊரில் ஏணி செய்கிற ஒருவருக்கும் போகிறது. தம்பிதான் இன்னும் அதைப் பிரஸ்ஸில் தள்ளிக்கொண்டிருக்கிறான். அவள் அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள், உள்ளே போகவில்லை.

"நீ நிறுத்திடு."

"நான் நிறுத்தினா நாளைக்கே வேற ஒருத்தன் வந்து ஓட்டுவான் அக்கா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

"விழுந்தவனுக்கும் வீடு இருக்குடா."

"நான் என்ன செய்யணும்னு சொல்ற? சொல்லு, செய்யறேன். வேலையை விட்டுட்டு உன் கொட்டகையில வந்து உக்காரட்டுமா?"

கொட்டகையிலேயே வேலை நின்றுபோயிருந்தது. அவள் திரும்பிவிட்டாள். மறுநாள் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய் அந்த ஏணிக்காரரிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். இரண்டு நாற்காலி போட்டுத் தானே உட்கார்ந்து பார்த்தார். எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினார். அவரும் பெயர் கேட்டு விற்றவர் இல்லை.

அதன் பிறகு தம்பி கொட்டகைப் பக்கம் வரவில்லை. அவளும் போகவில்லை. ரயில்வே கேட் மூடியிருக்கும்போது மாமாவும் மச்சானும் சில சமயம் எதிரெதிரே நிற்பதுண்டு. "என்ன மாப்பிள்ளை" என்பார் ரேடியோ. "வாங்க மாமா" என்பான் அவன். கேட் திறந்துவிடும். தொழிற்சாலையில் இப்போது செக்‌ஷன் கேட்டு யார் போனாலும், எதுக்கு, மேலே ஆள் ஏறுமா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொள்கிறார்களாம். அவன்தான் முதலாளியிடம் சொல்லிக் கொண்டுவந்தான் என்று யாரோ சொன்னார்கள். அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை.

வண்ணக்காரன் பிழைத்தான். நடக்கவில்லை. அவள் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவன் மனைவி வாசலிலேயே நிறுத்தி, "இனிமே வராதீங்கக்கா. நீங்க வந்துட்டுப் போனா அவர் ரெண்டு நாள் சுவரைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்கார்" என்றாள். அதன் பின் போகவில்லை. தன் மகள் மூலமாக ஏதோ அனுப்பி வைக்கிறாள் என்று கேள்வி.

வெகு நாள் கழித்துத் தொழிலை மறுபடி தொடங்கினார்கள். வேறு ஊரிலிருந்து சட்டம் வருகிறது. மங்கலான நிறம், உடம்பெல்லாம் கோடு. விலையும் கூட. "இதென்ன பழசா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். அவள் விளக்குவதில்லை. ஏணியைப் படுக்கவைத்து நடுவில் உட்கார்ந்து எழுகிறாள், அது நேராகிறதா என்று குனிந்து பார்க்கிறாள், பிறகுதான் விற்கிறாள். குதிப்பதை விட்டுவிட்டாள். ரேடியோவும் முன்போலப் பேசுவதில்லை. வருகிறவர்களிடம் விலாசம் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

நான்கைந்து ஏணிகள் கடைசி வரை கிடைக்கவில்லை. தெருவில் போகும்போது எந்தச் சுவரில் ஏணி சாத்தியிருந்தாலும் அவள் நின்றுவிடுவாள். தெரியாதவர்கள் வீட்டு முற்றத்துக்குள்கூட நுழைந்திருக்கிறாள், நாய் துரத்தியிருக்கிறது.

போன கோடையில், ஏதோ விசேஷ வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஒரு வீட்டின் பின்பக்கம் அதைப் பார்த்தாள். இரண்டு கொக்கிகளில் படுக்கையாகத் தொங்கவிட்டு, படிக்குப் படி துணி காயப்போட்டிருந்தார்கள். நடுவில் தொய்ந்திருந்தது. அவள் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். துணி எடுக்க வந்த பெண் பயந்து பின்வாங்கினாள்.

"இந்த ஏணி…" என்றாள் அவள்.

"இதா? ஏறுறப்பவே வளைஞ்சுதுங்க. எங்க வீட்டுக்காரர் பாதியில எறங்கிட்டார். தூக்கிப் போட மனசு வரல, துணி போட்டு வச்சிருக்கேன்." அந்தப் பெண் தயங்கினாள். "உங்களுக்கு வேணுமா?"

"வேண்டாம்மா" என்றாள் ஏணிக்காரம்மா. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். "இதுல மட்டும் யாரும் ஏறாதீங்க."

"யாரு ஏறப்போறா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஏணிக்காரம்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள். மிச்சம் இருப்பவை எங்கே இருக்கின்றன என்று தெரியாது. பஸ் நிறுத்தம் வரை, இரண்டு பக்கச் சுவர்களையும் பார்த்துக்கொண்டே நடந்தாள்.